இருபத்தைந்தாம் தேதிக்கு முன்னும் பின்னும்

1647ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று இங்கிலாந்தின் கான்டர்பரி நகரில் கலவரம் வெடித்தது. பியூரிட்டன் கொள்கையினர் செல்வாக்குப் பெற்றிருந்த நாடாளுமன்றம், கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே திருநாள்களை அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் சட்டம் போட்டு ஒழித்திருந்தது. இனி டிசம்பர் 25 மற்ற நாள்களைப் போல வெறும் வேலைநாள். அதை ஊருக்கு உணர்த்த விரும்பிய நகர மேயர், வியாபாரிகளைக் கடை திறக்கச் சொன்னார். சிலர் திறந்தார்கள். திரண்டு வந்த கூட்டம் திறந்த கடைகளுக்குள் புகுந்து சரக்கைத் தெருவில் வாரி இறைத்தது. மேயரால் கூட்டத்தை அடக்க முடியவில்லை.

கிறிஸ்து பிறந்த நாளில் கடை திறந்ததற்காகக் கடையைச் சூறையாடிய சனங்கள்! நம் காலத்துக் கடைவீதியை மனதில் வைத்துக்கொண்டு இதை வாசித்தால் சிரிப்பு வரும். ஆனால் பியூரிட்டன்களின் குறையைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. குடியும் சூதாட்டமும் கூத்தும் மிகுந்த அந்தப் பன்னிரண்டு நாள் கொண்டாட்டத்தில் கிறிஸ்துவைத் தவிர எல்லாம் இருக்கிறது என்றார்கள் அவர்கள். ஆகவே நாளையே எடுத்துவிடுவோம் என்பது அவர்கள் கண்ட தீர்வு. கடல் கடந்து மாசசூசெட்ஸில் குடியேறியவர்களும் அப்படியே செய்தார்கள். அங்கே 1659இல் வந்த சட்டப்படி, கிறிஸ்துமஸ் கொண்டாடி அகப்பட்டவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். 1681இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. ஸ்காட்லாந்தில் சீர்திருத்தச் சபையின் பிடி இன்னும் நீண்டது. டிசம்பர் 25 அங்கே பொது விடுமுறையானது 1958இல்.

ஆக, கிறிஸ்துமஸ் ஆரவாரத்தில் கிறிஸ்து காணாமல் போகிறார் என்னும் புலம்பலுக்கு வயது முந்நூற்றைம்பதைத் தாண்டுகிறது. செல்போனும் தள்ளுபடி விற்பனையும் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது இருந்தது. இன்று அந்தப் புலம்பலுக்கு நாம் வைத்திருக்கும் மருந்து வேறு: மனதை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள், பரபரப்புக்கு நடுவிலும் இயேசுவை நினையுங்கள் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் பிரசங்கம் கேட்கிறோம். நல்ல அறிவுரைதான். ஆனால் நாளை ஒழித்தவர்களும் தோற்றார்கள், மனதுக்குப் புத்தி சொல்பவர்களும் பெரிதாக வென்றதாகத் தெரியவில்லை. இரண்டுக்கும் முந்திய வழி ஒன்று திருச்சபையிடம் இருந்தது. அமைதியைத் தனிமனிதரின் மன உறுதியை நம்பி விடாமல், நாள்காட்டியிடம் ஒப்படைத்த வழி அது. அந்த நாள்காட்டி எப்படிக் கட்டப்பட்டது, எப்படித் தலைகீழானது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

டிசம்பர் 25ஐக் கிறிஸ்து பிறப்பின் நாளாக ரோமாபுரி கொண்டாடியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று, 354ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில் உள்ள பட்டியல். அந்தப் பட்டியலின் காலம் 336. திருநாள் நிலைபெற்ற சில பத்தாண்டுகளுக்குள் அதற்கு முன்னாலுள்ள நாள்களைப் பற்றிய கவலை தொடங்கிவிட்டது. 380இல் ஸ்பெயினின் சரகோசாவில் கூடிய ஆயர்கள், டிசம்பர் 17 முதல் ஜனவரி 6 வரை இருபத்தொரு நாள் யாரும் ஆலயத்துக்கு வராமல் இருக்கக் கூடாது என்று விதித்தார்கள். வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளக் கூடாது, தோட்டத்துப் பண்ணைக்குப் போய்விடக் கூடாது, மலைக்கு ஏறிவிடக் கூடாது, வெறுங்காலோடு திரியக் கூடாது என்றும் சொன்னார்கள்.

வெறுங்காலைப் பற்றிய அந்தக் கடைசி விதி விசித்திரமாகத் தோன்றலாம். அன்றைய ஸ்பெயினில் பிரிசில்லியன் என்பவரைப் பின்பற்றிய கடுந்துறவுக் கூட்டம் ஒன்று சபையை விட்டு விலகித் தனியே தவம் செய்துகொண்டிருந்தது. அவர்களை மனதில் வைத்தே ஆயர்கள் பேசினார்கள். எனக்கு இதில் பிடித்தது, ஆரம்பத்திலேயே சபை எடுத்த நிலை: கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாவது மலையேறித் தனியே உட்காருவதல்ல, ஊரோடு சேர்ந்து ஓரிடத்துக்கு வருவது. இன்று 'டிசம்பரில் ஒரு வாரம் எல்லாவற்றையும் விட்டு எங்காவது போய்விட்டால் நிம்மதி' என்று ஏங்குகிறவர்களுக்கு சரகோசா ஆயர்கள் அனுமதிச் சீட்டு கொடுக்க மாட்டார்கள். அதே 17ஆம் தேதிதான் ரோமானியரின் சட்டர்நாலியா என்னும் களியாட்டத் திருவிழா தொடங்கும் நாள். ஊர் கூத்தடிக்கும் வாரத்தில்தான் சபை தன் மக்களைக் கூப்பிட்டது.

ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11ஆம் தேதி புனித மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு வைத்தார். 581இல் மாக்கோன் நகரச் சங்கம் அதையே திங்கள், புதன், வெள்ளி என்று நாள் குறித்துப் பரப்பியது. மார்ட்டின் திருநாள் அறுவடை முடிந்து புது ஒயின் திறக்கும் நேரம். அன்று வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் முதல் வாயைக் கட்டுவார்கள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் நவம்பர் 15 முதல் நாற்பது நாள் நோன்பை வைத்துக்கொண்டன. இன்றும் வைத்திருக்கின்றன. ரோமில் மகா கிரகோரியார் காலத்தை ஒட்டி நான்கு ஞாயிறுகள் என்ற கணக்கு வேரூன்றியது. மிலான் நகரமோ பிடிவாதமாக இன்றுவரை ஆறு ஞாயிறு அனுசரிக்கிறது. இந்தக் காலத்தைத்தான் கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்கிறார்கள். சீர்திருத்தச் சபையார் பலர் அட்வெந்து என்கிறார்கள். பீடத்தில் ஊதா நிறத் துணி. கத்தோலிக்கத் திருப்பலியில் இந்த ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' கீதம் பாடப்படுவதில்லை. பெத்லகேம் வயலில் தேவதூதர்கள் பாடிய பாட்டு அது. அந்த இரவு வரும்வரை அதை வாயில் எடுப்பதில்லை.

இது பாதி ஏற்பாடுதான். மறுபாதியை 567இல் தூர் நகரில் கூடிய இன்னொரு சங்கம் முடித்துக்கொடுத்தது. கிறிஸ்து பிறப்புக்கும் ஜனவரி 6ஆம் தேதித் திருக்காட்சித் திருநாளுக்கும் இடைப்பட்ட நாள்கள் கொண்டாட்ட நாள்கள் என்றது அந்தச் சங்கம். பன்னிரண்டு நாள் கிறிஸ்துமஸ் என்பது இங்கிருந்து வருவது. முன்னால் நோன்பு, பின்னால் விருந்து. அந்தப் பழைய சபை ஆரவாரத்துக்கு எதிரியாக இருந்ததில்லை. ஆரவாரத்துக்கு அது ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. அந்த இடம் 25க்குப் பின்னால் இருந்தது.

இந்த வரிசையை ஆயர்கள் தங்கள் மூளையிலிருந்து எடுக்கவில்லை. லூக்கா சுவிசேஷத்தைத் திறந்தால் அதன் அளவே கண்ணில் படும். முதலாம் அதிகாரம் எண்பது வசனம். அதில் இயேசு பிறப்பதில்லை. எண்பது வசனமும் காத்திருப்புதான். பிறப்புக்கு லூக்கா ஒதுக்குவது இரண்டாம் அதிகாரத்தில் இரண்டே வசனம். அந்தக் காத்திருப்பில் முதன்முதலாக வாயடைக்கப்படுகிறவர் யாரென்று பாருங்கள்: ஆலயத்தில் தூபம் காட்டிக்கொண்டிருந்த ஆசாரியர் சகரியா. தூதன் சொன்னதை அவர் நம்பவில்லை, பேச்சு நின்றுபோனது. பிள்ளை பிறந்து எட்டாம் நாள், பெயர் எழுதப் பலகை கேட்டு வாங்கி எழுதும்வரை அவர் ஊமை. டிசம்பரில் ஒரே நாளில் மூன்று மேடையில் பேசவேண்டியிருக்கும் எந்தக் குருவானவரும் சகரியாவைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்படலாம்.

மரியாளோ செய்தி கேட்டதும் மலைநாட்டுக்கு எலிசபெத்தைத் தேடிப் போகிறாள். அங்கே ஏறக்குறைய மூன்று மாதம் தங்குகிறாள். அதற்குப் பிறகு குடிமதிப்பு வருகிறது. சாலையெல்லாம் கூட்டம், பெத்லகேமில் தங்க இடமில்லை. அதாவது கிறிஸ்துவின் பிறப்பு ஒன்றும் ஆளரவமற்ற பனியிரவில் நடந்ததாக லூக்கா சொல்லவில்லை. அரசாங்கம் போட்ட கெடுவுக்காக ஊர்விட்டு ஊர் அலைந்த சனக்கூட்டத்தின் நடுவில்தான் நடந்தது. சத்தம், பாட்டு, மேய்ப்பர்களின் ஓட்டம் எல்லாம் பிறப்புக்கு அப்புறம். வந்த மேய்ப்பர்கள் கண்டதைப் பரப்பினார்கள், கேட்டவர்கள் ஆச்சரியப்பட்டார்கள், மரியாள் மட்டும் இவற்றையெல்லாம் மனதில் வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களை அவள் போகச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். காத்திருக்க வேண்டிய காலத்தில் காத்திருந்தவளுக்குக் கூட்டத்தின் நடுவிலும் சிந்திக்க முடிந்தது.

இந்த வரிசை எப்போது புரண்டது? முதலில் பின்பாதி போனது. விவசாய உலகத்தில் குளிர்காலம் வேலை குறைந்த காலம், பன்னிரண்டு நாள் உட்கார்ந்து சாப்பிட முடியும். ஆலைக்கும் அலுவலகத்துக்கும் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. 1843இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையில் முதலாளி ஸ்க்ரூஜ், தன் குமாஸ்தாவுக்கு ஒரு நாள் லீவு கொடுக்கவே மூக்கால் அழுகிறான். வாசகர்கள் அவனுடைய கருமித்தனத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த 'ஒரு நாள்' தான் கண்ணில் நிற்கிறது. அந்த லண்டனில் பன்னிரண்டு நாளைக் கேட்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை. நல்ல முதலாளிகூடக் கொடுப்பது ஒரு நாள்தான்.

கொண்டாட்டம் முழுவதும் ஒரே நாளுக்குள் அடைபட்டால் அது எங்காவது பிதுங்கத்தானே வேண்டும்? பின்பக்கம் வேலைநாள் என்ற சுவர். முன்பக்கம் திறந்து கிடந்தது. டிக்கன்ஸ் கதை வந்த அதே ஆண்டில் ஹென்றி கோல் என்ற லண்டன்வாசி, நண்பர்களுக்குத் தனித்தனியே கடிதம் எழுத நேரமில்லாமல் வாழ்த்து அட்டை அச்சடித்தார். முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டை அது. நேரமின்மையே அதன் தாய் என்பதை மறந்துவிடுகிறோம். அட்டை 25க்கு முன்பே போய்ச் சேர வேண்டும், பரிசும் அப்படித்தான். பரிசும் அட்டையும் பெருகப் பெருக, திருநாளின் எடை முழுவதும் அதற்கு முந்திய வாரங்களுக்கு மாறியது.

அடுத்து நடந்தது ஒரு நல்லெண்ணத்தின் கதை. அமெரிக்காவில் 1899இல் தேசிய நுகர்வோர் சங்கம் உருவானது. அதன் பொதுச்செயலாளர் ஃப்ளாரன்ஸ் கெல்லி, தொழிலாளர் உரிமைக்காக வாழ்நாள் முழுவதும் போராடியவர். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரண்டு வாரங்களில் கடைகளில் வேலை செய்யும் இளம்பெண்களும் பொட்டலம் சுமக்கும் சிறுவர்களும் நள்ளிரவுவரை வதைபடுவதைப் பார்த்தார். கிறிஸ்து பிறப்பு அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுமையாக முடிவதை எழுதினார். கடைசி நேரம்வரை காத்திராமல் முன்கூட்டியே வாங்குங்கள் என்று அவரைப் போன்ற சீர்திருத்தவாதிகள் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். வேலைப்பளு பல வாரங்களுக்குப் பரவினால் பிள்ளைகள் கொஞ்சம் மூச்சுவிடுவார்கள் என்பது கணக்கு. இதைவிட நியாயமான கோரிக்கை இருக்க முடியாது. வியாபாரிகள் அதை இரு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். 'சீக்கிரம் வாங்குங்கள்' என்ற இரக்கத்தின் குரல் சில ஆண்டுகளில் விளம்பரமாகிவிட்டது. கடைசி இரண்டு வாரத்து நெரிசல் குறையவில்லை, அதற்கு முன்னால் இன்னும் சில வாரங்கள் சேர்ந்துகொண்டன.

1912இல் நியூயார்க்கில் இன்னொரு முயற்சி. மேலதிகாரிகளுக்குப் பரிசு வாங்க உழைக்கும் பெண்களிடம் கட்டாய வசூல் நடந்தது. அதை எதிர்த்து எலனோர் பெல்மாண்டும் ஆன் மார்கனும் பயனற்ற பரிசளிப்பைத் தடுக்கும் சங்கம் ஒன்றை நடத்தினார்கள். சில ஆண்டுகள் பரபரப்பாகப் பேசப்பட்டு அது ஓய்ந்துபோனது. சந்தையின் வெற்றி எவ்வளவு முழுமையானது என்பதற்கு 1939ஐப் பார்க்கலாம். அந்த ஆண்டு நவம்பரில் ஐந்து வியாழன்கள். நன்றி கூறும் நாள் கடைசி வியாழனான 30ஆம் தேதி வந்தால் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு நாள் போதாது என்று வணிகர்கள் முறையிட்டார்கள். அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அந்தத் தேசிய நாளையே ஒரு வாரம் முன்னால் நகர்த்தி 23ஆம் தேதி வைத்தார். சில மாநிலங்கள் ஒத்துக்கொண்டன, சில முரண்டு பிடித்தன. இரண்டு ஆண்டு குழப்பத்துக்குப் பின் 1941இல் காங்கிரஸ் சட்டமியற்றி நான்காவது வியாழன் என்று முடிவுகட்டியது. ஒரு காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள்களை எண்ணி வகுத்தவர்கள் ஆயர்கள். இப்போது அந்த வேலையைக் கடை முதலாளிகள் பார்த்தார்கள்.

காத்திருப்புக்காக உண்டான பொருள்களும் இந்த வெள்ளத்தில் அகப்பட்டன. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு அருகில், கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காக 1833இல் ஓர் இல்லம் தொடங்கியவர் லூத்தரன் போதகர் யோஹான் ஹின்ரிஷ் விஹெர்ன். கிறிஸ்துமஸ் எப்போது வரும், எப்போது வரும் என்று பிள்ளைகள் தினமும் துளைத்தெடுத்ததால் 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தின் மேல் மெழுகுவர்த்திகளை நட்டார் என்பார்கள். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நான்கு, வாரநாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்தி இருபது. அந்த ஆண்டு டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை என்பதால் கணக்கு 24ஆம் தேதியோடு சரியாகப் பொருந்தியது. நாளுக்கு ஒன்று ஏற்ற வேண்டும், முந்தி ஏற்றக் கூடாது. பொறுமையில்லாத பிள்ளைகளுக்கு அந்தச் சக்கரம் பொறுமையைக் கண்ணுக்குக் காட்டியது. இன்று நம் ஆலயங்களில் நான்கு மெழுகுவர்த்தியோடு நிற்கும் வளையம் அந்தச் சக்கரத்தின் பேரப்பிள்ளை.

இருபத்துநான்கு கதவுகள் கொண்ட அட்வெந்து நாள்காட்டியின் கதையும் ஜெர்மனியில்தான் தொடங்குகிறது. வாசற்கதவில் சுண்ணக்கட்டியால் இருபத்துநான்கு கோடு கிழித்து நாளுக்கு ஒன்றாக அழிக்கும் வழக்கம் முன்பே இருந்தது. மியூனிக்கில் அச்சுத்தொழில் நடத்திய கெர்ஹார்ட் லாங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அச்சுப் பொருளாக்கினார். இப்போது அதே கதவுகளுக்குப் பின்னால் சாக்லேட், வாசனைத் திரவியம், அழகுசாதனம், மதுபானச் சிறுபுட்டி. காத்திருப்பதற்காக உண்டான சாதனம் காத்திராமல் தினமும் ஒன்றை அனுபவிப்பதற்கான சாதனமாயிற்று.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு இதில் என்ன பங்கு? லெந்து காலத்தைப் பாருங்கள். சாம்பல் புதன் முதல் நாற்பது நாள் கறி எடுக்காத வீடுகள் இன்னமும் ஆயிரக்கணக்கில் உண்டு. தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை. அட்வெந்து காலத்திலும் ஆடம்பரத் திருமணம் கூடாது என்று பதினாறாம் நூற்றாண்டின் திரிதெந்தின் சங்கம் உறுதிசெய்திருந்தது என்றால் இன்று பலர் நம்பமாட்டார்கள். ஒரே சபை வைத்த இரண்டு நோன்புக் காலங்களில் ஒன்று நின்றது, மற்றது கரைந்தது. லெந்துக்கு எதையும் விற்க முடியாது என்பது ஒரு முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ் மண்ணுக்கு இப்படியொரு மாதம் புதிதும் அல்ல. அட்வெந்து வருவது கார்த்திகையிலும் மார்கழியிலும். மார்கழியில் இந்துக் குடும்பங்கள் கல்யாணம் வைப்பதில்லை, விடியலில் திருப்பாவை கேட்கிறது. பக்தியைத் தவிர வேறு காரியத்தில் இறங்காத மாதம் என்று ஊர் ஒத்துக்கொண்ட மாதம் அது. சென்னையில் அதே மார்கழி சங்கீத சீசனாகி, சபாவும் கேன்டீனுமாக ஊரிலேயே பரபரப்பான மாதமானதையும் சொல்ல வேண்டும். அமைதிக்கென்று ஒதுக்கிய மாதத்தை நிரப்பிவிடும் பழக்கம் கிறிஸ்தவர்களுடைய தனிச்சொத்து இல்லை.

கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்கள் டிசம்பர் முதல் தேதியிலிருந்து இருபத்தைந்து நோன்பு இருக்கிறார்கள். மீனும் இறைச்சியும் இல்லை. நட்சத்திரம் தொங்கும், கடைவீதி மின்னும், எல்லாம் உண்டு. ஆனால் அடுப்படியில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது, 25 விடியும்வரை அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. நம் கத்தோலிக்க வீடுகளிலும் அந்தக் கோட்டின் மிச்சம் ஒன்று இருக்கிறது. குடில் பல நாள் முன்பே கட்டப்பட்டுவிடும். மாடு, கழுதை, மேய்ப்பர், மரியாள், யோசேப்பு எல்லாரும் வந்துவிடுவார்கள். தீவனத் தொட்டி மட்டும் காலி. பாலன் சுருபத்தை 24ஆம் தேதி நள்ளிரவில்தான் வைப்பார்கள். குடிலுக்குத் தந்தை எனப்படும் அசிசி பிரான்சிஸ், 1223இல் கிரெச்சோ ஊரில் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் நிறுத்தி நடத்தியதும் திருநாள் இரவில்தான்.

அமைதி என்றவுடன் மௌனம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் பிலிப்பைன்ஸைப் பார்க்க வேண்டும். உலகத்திலேயே நீளமான கிறிஸ்துமஸ் அங்கேதான். செப்டம்பர் பிறந்தால் பாட்டு தொடங்கிவிடும். அதே நாட்டில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலிக்கு மக்கள் இருட்டோடு எழுந்து வருகிறார்கள். வயலுக்குப் போகும் விவசாயிகளுக்காகப் புலருமுன் நடத்தத் தொடங்கிய பூசை அது. முடிந்ததும் ஆலய வாசலில் சூடாக அரிசிப் பலகாரம் விற்கும். கூட்டம், சிரிப்பு, தூக்கக் கலக்கம். இருந்தும் ஒன்பது நாளும் ஒரே திசையைப் பார்த்து நிற்கிற நாள்கள்.

இப்போது நம் டிசம்பர். முதல் வாரத்திலேயே கல்லூரிகளில் செமி கிறிஸ்துமஸ். விடுமுறை விடுமுன் மாணவர்களோடு கொண்டாடிவிட வேண்டுமே. அடுத்து அலுவலகக் கிறிஸ்துமஸ், ஐக்கியக் கிறிஸ்துமஸ், அரசியல் கட்சிகளின் கிறிஸ்துமஸ் விழா. ஒவ்வொன்றிலும் கேக் வெட்டு. சபையில் கீத பவனி, பாடகர் குழுவின் கேரல் ஆராதனை, ஞாயிறு பள்ளி நிகழ்ச்சி, பெண்கள் ஐக்கிய சங்க விழா, வாலிபர் விழா. வீட்டில் வெள்ளையடிப்பு, புதுத்துணி, தையல்காரரிடம் நடை, முறுக்கும் அதிரசமும். 25ஆம் தேதி விடியற்கால ஆராதனைக்குக் குடும்பம் வந்து நிற்கும்போது பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும், மீதிப் பேருக்குக் கண் சொருகும். மதியம் பிரியாணி முடிந்ததும் ஊர் படுத்துவிடுகிறது. பிறந்த பிள்ளையை வாழ்த்த ஆளில்லை. பழைய வரிசை அப்படியே புரண்டு, முன்னால் விருந்தும் பின்னால் களைப்பும் என்றாகிவிட்டது.

இந்தக் களைப்பு எல்லார் மேலும் சமமாக விழுவதும் இல்லை. மார்த்தாளைப் போல் பற்பல வேலைகளில் வருத்தப்படாமல் அவள் சகோதரி மரியாளைப் போல் கர்த்தரின் பாதத்தில் அமருங்கள் என்று அட்வெந்து ஞாயிற்றில் பிரசங்கம் நடக்கும். கேட்டுக்கொண்டிருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் எண்ணெய்ச் சட்டியை வைப்பார். பலகாரம் அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளுக்கும் போக வேண்டும், தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அவர்கள் கொடுத்தார்களே. அது வெறும் சம்பிரதாயம் என்று நான் நினைக்கவில்லை, அயலாரோடு உள்ள உறவு அதில் இருக்கிறது. ஆனால் அந்த உறவின் உழைப்பு முழுவதும் ஒரே ஆளின் கையில் விழும்போது, 'மனதை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று அந்த ஆளிடமே சொல்வது கொஞ்சம் அநியாயம். அவருக்கு வேண்டியது உபதேசம் அல்ல, முறுக்குப் பிழிய இன்னும் இரண்டு கைகள். கோயில் குட்டியார், கீபோர்டு வாசிப்பவர், ஒலிபெருக்கிக்காரர், ஜவுளிக்கடையில் நின்றே கால் வீங்கும் பெண்கள் ஆகியோரின் டிசம்பரும் இப்படித்தான். ஃப்ளாரன்ஸ் கெல்லி பார்த்தது இன்னும் பழையதாகவில்லை.

காத்திருப்பைப் பற்றி எழுதும்போது டீட்ரிஷ் போன்ஹோஃபரைச் சொல்லாமல் விட முடியாது. ஹிட்லரை எதிர்த்த இந்த ஜெர்மானியப் போதகர் 1943 ஏப்ரலில் கைதாகி பெர்லினின் டேகெல் சிறையில் இருந்தார். அந்த நவம்பரில் நண்பர் எபர்ஹார்ட் பெத்கேக்கு எழுதிய கடிதத்தில், சிறையறை அட்வெந்துக்கு நல்ல உவமை என்றார். உள்ளே இருப்பவன் காத்திருக்கிறான், நம்புகிறான், எதையாவது செய்துகொண்டிருக்கிறான், கதவோ வெளியிலிருந்துதான் திறக்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். எதையாவது செய்துகொண்டிருக்கிறான் என்பதைத்தான் நாம் எளிதில் தாண்டிப் போய்விடுகிறோம். போன்ஹோஃபர் சும்மா இருக்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சக கைதிகள் சொல்வதற்கென்று ஜெபங்களை எழுதிக் கொடுத்தார். கதவைத் திறப்பது தன் வேலை இல்லை என்று அறிந்தவருக்குச் செய்யவேண்டிய வேலை தெளிவாகத் தெரிந்தது. 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

எல்லா நிகழ்ச்சியையும் நிறுத்திவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது பியூரிட்டன் வழி, கான்டர்பரியில் என்ன ஆயிற்று என்று பார்த்தோம். நாள்களை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். நம் பிள்ளைகளுக்கு டிசம்பர் என்றால் அரையாண்டுத் தேர்வு. காலையில் கணக்குப் பரீட்சை, மாலையில் மேய்ப்பன் வேஷத்துக்கு ஒத்திகை. தேர்வு முடிந்து விடுமுறை தொடங்குவது ஏறக்குறைய திருநாளன்றுதான். சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்ப்பவர்கள் நாசரேத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் நாகர்கோவிலுக்கும் வந்து சேர்வதும் அதை ஒட்டித்தான். அவர்களில் பலர் புத்தாண்டு ஆராதனை முடிந்துதான் திரும்புவார்கள். அந்தப் புத்தாண்டு நாளும் தனி விசேஷம் அல்ல, கிறிஸ்துமஸுக்குள் அடங்கியது. பிறந்து எட்டாம் நாள் பிள்ளைக்கு இயேசு என்று பெயரிட்டதாக லூக்கா சொல்லும் நாள் கணக்கு ஜனவரி 1இல்தான் வந்து விழுகிறது. அதற்கு அப்பால் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை இன்னும் ஐந்து நாள்.

குருவானவர்கள் சிலர் மறுப்பார்கள். 26ஆம் தேதிக்கு மேல் யாருக்கும் உற்சாகம் இருக்காது, காணிக்கையும் குறையும் என்பார்கள். உற்சாகம் தீர்ந்துபோவது அதற்கு முன் மூன்று வாரம் அதைச் செலவழித்துவிடுவதால்தான். டிசம்பர் முதல் மூன்று வாரமும் சபையில் வேதவாசிப்பும் வளையத்தில் மெழுகுவர்த்தியும் மட்டும் இருக்கட்டும், மற்ற நாள்களைப் பரீட்சைக்கும் தையல்காரருக்கும் விட்டுவிடலாம். ஞாயிறு பள்ளி நிகழ்ச்சி 27ஆம் தேதி நடந்தால் பிள்ளைகள் வசனத்தை மறக்காமல் சொல்வார்கள், வெளியூரிலிருந்து வந்த தாத்தா பாட்டியும் பார்க்கலாம். கீத பவனியை 26ஆம் தேதி இரவு தொடங்கினால் பாட ஆளும் இருக்கும், கதவைத் திறந்து கேட்க ஆளும் இருக்கும். பாடுகிற பாட்டு எல்லாமே பிள்ளை பிறந்துவிட்டது என்றுதானே சொல்கின்றன.